குஞ்சு பொரிப்பானில் ஈரம்: கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு

‘பதினெட்டாம் நாள் வரை எல்லாம் செம்மையாகவே நடந்தது. முட்டைக்குள் குஞ்சு அசைவதை விளக்கொளியில் கண்ணாரக் கண்டோம். ஆனால் இருபத்தொன்றாம் நாள் பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் உடையவே இல்லை. ஓட்டை நீக்கிப் பார்த்தால், முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு உள்ளேயே இறந்து கிடக்கிறது.’ இன்குபேட்டர் எனப்படும் குஞ்சு பொரிப்பானை வீட்டில் வைத்திருப்போர் பலரும் கூறும் குறை இது.

இந்தக் குறையைச் சிறியதென்று ஒதுக்கிவிட முடியாது. கணவர் வெளிநாட்டில் உழைக்க, வீட்டிலிருந்தவாறே நாலு காசு சேர்க்கலாம் என்று எண்ணும் சகோதரிகள் இருக்கின்றனர். துணையை இழந்து, தாமே குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்களும் இருக்கின்றனர். இவர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பொரிப்பானை வாங்கி, நல்ல நாட்டுக்கோழி முட்டைகளை விலை கொடுத்துத் தேடிச் சேர்த்து வைக்கின்றனர். மூன்று வாரக் காத்திருப்புக்குப் பின் கையில் கிடைப்பது இறந்த குஞ்சுகள் என்றால், பண இழப்போடு மனமும் நொந்துவிடுகிறது. ‘இத்தொழில் நமக்கு ராசியில்லை’ என்று பொரிப்பானைப் பரண்மேல் ஏற்றிவிடுவோரும் உண்டு.

ராசியின் மீது பழி போடுவதற்கு முன், ஒன்றைக் கவனியுங்கள். கடைசி மூன்று நாட்களில் நேரும் இத்தகைய சாவுகளில் பலவற்றுக்கு ஈரப்பதமே காரணம். வெப்பத்தைக் கவனிக்கும் அளவுக்கு நாம் ஈரத்தைக் கவனிப்பதில்லை. தட்டில் நீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடுகிறோம். எவ்வளவு நீர், எப்போது, எதற்காக என்று கேட்பதில்லை.

முட்டை ஏன் எடை குறைகிறது?

முட்டை ஓடு கல்லைப்போல் இறுகித் தோன்றினாலும், அதில் கண்ணுக்குப் புலப்படாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியாகப் பிராணவாயு உள்ளே செல்கிறது. கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. அடை வைத்த நாள் முதல் ஒவ்வொரு நாளும் முட்டை சிறிது சிறிதாக நீரை இழந்துகொண்டே வருகிறது. நீர் வெளியேறிய இடத்தைக் காற்று நிரப்புகிறது. முட்டையின் அகன்ற முனையில் உருவாகும் இந்த வெற்றிடமே காற்றறை.

இந்தக் காற்றறையில்தான் குஞ்சின் உயிர் இருக்கிறது எனலாம். ஏறத்தாழ பத்தொன்பதாம் நாள் அல்லது இருபதாம் நாள், குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. அதன் நுரையீரல் முதன்முதலாக மூச்சு வாங்குவது அங்குதான். அந்த மூச்சைக்கொண்டே அது வலிமை பெற்று, பல மணி நேரம் கழித்து வெளி ஓட்டைக் கொத்துகிறது.

ஆகவே, முட்டை நீரை இழப்பது கேடன்று, இழந்தே ஆகவேண்டும். கோழி முட்டை முதல் பதினெட்டு நாட்களில் தன் தொடக்க எடையில் 12 முதல் 14 சதவிகிதம் வரை குறைவது நல்லது. நாம் பொரிப்பானில் ஈரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த ஒரு நோக்கத்துக்காகவே.

ஈரம் மிகுந்தால் முட்டை போதிய நீரை இழக்காது, காற்றறை சிறுத்துவிடும். நீர் கோத்து உடல் உப்பிய குஞ்சு, திரும்ப இடமின்றியும் மூச்சு வாங்கக் காற்றின்றியும் உள்ளேயே திணறி இறக்கும். ஈரம் குறைந்தாலோ முட்டை அளவுக்கு மீறி வற்றும், காற்றறை பெருத்துவிடும். குஞ்சு சிறுத்தும் வலுவிழந்தும் போகும். சவ்வு காய்ந்து தோல்போல் அதன் உடலில் ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி, பொரிப்பானில் ஊற்றும் நீருக்கும் பொருந்தும்.

நினைவில் வைக்கவேண்டிய அளவுகள்

கோழி முட்டைக்கு அடைகாலம் 21 நாட்கள். விசிறி பொருத்திய பொரிப்பானில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். விசிறி இல்லாத, தெர்மோகோல் பெட்டியில் பல்பு பொருத்திச் செய்தவை போன்றவற்றில், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.9 டிகிரி வரை இருக்கலாம்.

ஈரப்பதம் முதல் பதினெட்டு நாட்களுக்கு 50 முதல் 55 சதவிகிதம். கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 75 சதவிகிதம். பதினெட்டாம் நாள் வரை முட்டைகளை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து முறை திருப்பிவிடவேண்டும். அதன்பின் திருப்பலாகாது.

இவை தொடக்க அளவுகள். ஓடு தடித்த முட்டை மெதுவாக வற்றும். ஓடு மெலிந்தது விரைவில் வற்றும். சிறிய முட்டைக்கும் பெரிய முட்டைக்கும் வேறுபாடு உண்டு. அதனால் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பியிருப்பது போதாது.

மீட்டர் உண்மை சொல்கிறதா?

முதலில் அந்த மீட்டரையே சோதித்துவிடுங்கள். விலை மலிந்த ஈரப்பத மீட்டர்கள் ஐந்து, பத்து சதவிகிதம் தவறிக் காட்டுவது வழக்கம். 50 என்று காட்டும்போது உண்மையில் 60 இருந்தால், மூன்று வாரமும் முட்டைகளை நாமே ஈரத்தில் ஊறவைத்தவர்களாவோம்.

சோதிக்கும் வழி சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பிச் சில துளி நீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. ஈர மணல்போல் நனைந்திருந்தால் போதும். இந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவுக்குள் அருகருகே வைத்து இறுக மூடி, எட்டுப் பத்து மணி நேரம் அறைக்குள் விட்டுவிடுங்கள். உப்பு நீர் மீட்டரின் மீது படக்கூடாது. ஈர உப்பைச் சுற்றியுள்ள அடைபட்ட காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 75 காட்டினால் அது சரியானது. 69 காட்டினால், அது காட்டும் எண்ணோடு எப்போதும் ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். 80 காட்டினால் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் ஈரக்குமிழ் வெப்பமானியைப் பயன்படுத்தலாம். சாதாரண வெப்பமானியின் குமிழில் சுத்தமான பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையை நீரில் மூழ்கவிடவேண்டும். விசிறிக் காற்று அதன்மீது படவேண்டும். பொரிப்பானின் வெப்பம் 37.5 டிகிரியாக இருக்கையில், ஈரக்குமிழ் 28.5 முதல் 29.5 வரை காட்டினால் ஈரப்பதம் 50 முதல் 55 சதவிகிதம் என்று கொள்ளலாம். 32 முதல் 33 வரை காட்டினால், அது 70 சதவிகிதத்தை ஒட்டியிருக்கிறது என்று பொருள். உப்பு நீரிலுள்ள உப்புப் படிந்தால் திரி நீரை உறிஞ்சாது. ஆதலால் மழை நீரோ காய்ச்சி வடித்த நீரோ பயன்படுத்தித் திரியை அடிக்கடி மாற்றுங்கள்.

ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம்

‘எங்கள் உறவினர் தட்டு நிறைய நீர் வைக்கிறார், அவருக்கு நன்றாகப் பொரிக்கிறது. நாங்களும் அப்படியே செய்தோம், பொரிக்கவில்லை’ என்று சிலர் வியப்பர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உறவினரின் ஊர் வேறு. உங்கள் ஊர் வேறு.

காற்று சூடேறும்போது அதன் நீரைத் தாங்கும் திறன் கூடுகிறது. அதனால், அதிலுள்ள நீர் மாறாவிடினும் ஈரப்பத விகிதம் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களை எண்ணிப் பாருங்கள். அறையின் வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காற்று பொரிப்பானுக்குள் புகுந்து 37.5 டிகிரிக்குச் சூடானால், ஒரு துளி நீரும் சேர்க்காமலேயே அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவிகிதமாக இருக்கும். முட்டைக்குத் தேவையானது அவ்வளவுதான். அதற்கு மேல் தட்டு நிறைய நீரும் வைத்தால், அது முட்டைக்கு வெள்ளம்.

சித்திரை, வைகாசியில் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற உள்நாட்டு ஊர்களின் நிலை வேறு. அறையில் 35 டிகிரி வெப்பமும் 40 சதவிகித ஈரப்பதமும் இருந்தால், பொரிப்பானுக்குள் அது ஏறத்தாழ 35 சதவிகிதமாகக் குறைந்துவிடும். இங்கு நீர் கட்டாயம் தேவை. குளிர்சாதனம் ஓடும் அறையிலும் காற்று உலர்ந்தே இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

இன்னொரு செய்தி. ஈரப்பதத்தைக் கூட்டுவது நீரின் ஆழமன்று, அதன் பரப்பு. குறுகிய வாயுடைய குவளையில் ஒரு படி நீர் வைப்பதைவிட, அகலத் தட்டில் விரலளவு நீர் வைப்பது அதிகப் பயன் தரும். மேலும் கூட்டவேண்டுமானால் தட்டில் ஒரு ஸ்பாஞ்சை நிறுத்திவையுங்கள். குறைக்கவேண்டுமானால் சிறிய தட்டை வையுங்கள். காற்றுத் துளைகளைச் சற்று அதிகமாகத் திறந்துவிடுங்கள். ஈரத்தைத் தேக்குவதற்காகக் காற்றுத் துளைகள் அனைத்தையும் அடைத்துவிடுவது பெருந்தவறு. வளர்ந்த குஞ்சுகளுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவை.

முட்டையைக் கேளுங்கள், அது சொல்லும்

வெப்பமானியும் மீட்டரும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மிஸ்ர் நாட்டார், அதாவது எகிப்தியர், மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் முட்டைகளைப் பொரிக்கவைத்தனர். கி.பி. 1200ஆம் ஆண்டையொட்டி அங்குத் தங்கியிருந்த பக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி, அந்த முறையைத் தமது நூலில் விரிவாக எழுதிவைத்துள்ளார். அந்தத் தொழிலாளர்கள் முட்டையை எடுத்துத் தம் கண்ணிமையின் மீது வைத்து, வெப்பம் கூடியதா குறைந்ததா என்று அறிந்தனர். கருவி இல்லாத அவர்கள் முட்டையையே கருவியாகக் கொண்டனர்.

ஈரப்பதத்துக்கும் முட்டையே நம்பகமான கருவி. அதற்கு வேண்டியது ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசும் ஒரு பென்சிலும் மட்டுமே.

அடை வைக்கும் நாளில் பத்து முட்டைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் மீதும் பென்சிலால் எண்ணிட்டு, தனித்தனியே எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 45 கிராம் என்றால் பத்தும் சேர்ந்து 450 கிராம். பதினெட்டு நாளில் 13 சதவிகிதம் குறையவேண்டும் என்று கணக்கிட்டால், குறையவேண்டிய மொத்த எடை 58 அல்லது 59 கிராம். நாளொன்றுக்குப் பத்து முட்டைகளுக்கும் சேர்த்து மூன்றேகால் கிராம். அதன்படி ஏழாம் நாள் 427 கிராமும், பதினான்காம் நாள் ஏறத்தாழ 404 கிராமும், பதினெட்டாம் நாள் ஏறத்தாழ 391 கிராமும் இருக்கவேண்டும்.

ஏழாம் நாள் எடை 437 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 23 கிராம் குறையவேண்டிய இடத்தில் 13 கிராமே குறைந்துள்ளது. ஈரம் மிகுதி என்று முட்டை முறையிடுகிறது. நீர்த்தட்டை எடுத்துவிடுங்கள், காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள். மீட்டரில் ஈரப்பதம் 40 வரை இறங்கினாலும் அஞ்சவேண்டாம். விட்டுப்போன பத்துக் கிராமை அடுத்த நாட்களில் ஈடுசெய்தாகவேண்டும். மாறாக, ஏழாம் நாள் எடை 415 கிராமுக்கு இறங்கியிருந்தால் முட்டை வற்றுகிறது. நீர்ப்பரப்பைக் கூட்டுங்கள். பதினான்காம் நாள் மீண்டும் நிறுத்துப் பாருங்கள்.

ஏழாம் நாள் விளக்கொளியில் பார்க்கும்போது கரு இல்லாத கூமுட்டை ஏதேனும் தென்பட்டால் நீக்கிவிடுங்கள். அதன் தொடக்க எடையையும் கணக்கிலிருந்து கழித்துவிடவேண்டும். தனித்தனியே எடை குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

தராசு இல்லாதவர்கள் 7, 14, 18ஆம் நாட்களில் டார்ச் விளக்கின் முன் முட்டையை வைத்து, காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு வரலாம். கோடு ஒவ்வொரு முறையும் கீழிறங்கவேண்டும். பதினெட்டாம் நாள் காற்றறை முட்டையின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது நல்ல அறிகுறி.

ஓட்டில் விரிசல் உள்ள முட்டைகளை அடை வைக்காதீர்கள். அவை விரைவில் வற்றும், கிருமியும் புகும். ஏழு நாளுக்கு மேல் வீட்டில் தங்கிய முட்டைகளையும் தவிர்ப்பது நன்று.

கடைசி மூன்று நாட்கள்

பதினெட்டாம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, நீர்ப்பரப்பைக் கூட்டி, ஈரப்பதத்தை 65 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்துங்கள். இதுவரை நீர் வெளியேறவேண்டும் என்று காத்திருந்த நாம், இப்போது ஈரத்தைக் கூட்டுவது முரணாகத் தோன்றலாம். முட்டை இழக்கவேண்டியதை இழந்துவிட்டது. இனிக் குஞ்சு ஓட்டைத் துளைக்கும்போது, அந்தத் துளை வழியே வறண்ட காற்று புகுந்து சவ்வு காய்ந்துவிடாமல் காப்பதே வேலை.

இந்நாட்களில் மூடியைத் திறப்பது போன்ற தீங்கு வேறில்லை. முதல் குஞ்சின் குரல் கேட்டதும் பிள்ளைகள் ஆவலோடு ஓடிவருவர். நமக்கும் கை பரபரக்கும். மூடியைத் திறந்த மறுகணம் உள்ளிருந்த ஈரக்காற்று முழுவதும் வெளியேறிவிடும். அந்நேரம் ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் சவ்வு காய்ந்து இறுகும். ஒரு குஞ்சைப் பார்க்கும் ஆசைக்கு ஐந்து குஞ்சுகளை விலையாகக் கொடுக்கலாமா? பிள்ளைகளைக் கண்ணாடி வழியே பார்க்கச் சொல்லுங்கள். நீர் குறைந்தால், காற்றுத் துளை வழியாக ஒரு மெல்லிய குழாயை நீர்த்தட்டு வரை செலுத்தி, வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள்.

முதல் கொத்தலுக்கும் குஞ்சு வெளிவருவதற்கும் இடையே 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பே. அந்நேரத்தில்தான் குஞ்சு எஞ்சிய மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. சவ்விலுள்ள இரத்த நாளங்களும் வற்றுகின்றன. இரக்கப்பட்டு அவசரமாக ஓட்டை உரித்தால் இரத்தம் பெருகிக் குஞ்சு இறக்க நேரும். பொரித்த குஞ்சுகள் உடல் உலரும் வரை, ஒரு நாள் ஆனாலும், பொரிப்பானிலேயே இருக்கட்டும். உள்ளிழுத்த மஞ்சள் கரு அவற்றுக்கு உணவாகும். பட்டினி என்று பதற வேண்டாம். ஈரமான குஞ்சுகள் வெளிவர வெளிவர மீட்டரில் ஈரப்பதம் தானே கூடுவதைக் காண்பீர்கள். அதைக் கண்டும் கலங்கவேண்டாம்.

இறந்த முட்டையும் பாடம் சொல்லும்

இருபத்திரண்டாம் நாள், பொரிக்காத முட்டைகளை அப்படியே குப்பையில் எறிந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், கையுறை அணிந்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். முகஞ்சுளிக்கும் வேலைதான், எனினும் அடுத்த முறை இழப்பைத் தவிர்க்க இதைவிடச் சிறந்த வழியில்லை.

உள்ளே கருவே இல்லையெனில் அது சேவலையும் கோழியையும் பற்றிய குறை. ஈரத்தின் மீது பழியில்லை. முதல் வாரத்திலேயே இரத்த வளையமாக நின்றுபோயிருந்தால், வெப்பக் கோளாறோ முட்டை பழசாகிப்போனதோ காரணமாக இருக்கலாம். முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு நீர் கோத்து உப்பி, காற்றறை சிறுத்து இருந்தால், முதல் பதினெட்டு நாளில் ஈரம் மிகுந்துவிட்டது. காற்றறை பெருத்து, குஞ்சு சிறுத்திருந்தால் ஈரம் போதவில்லை. ஓட்டைக் கொத்திய பின் சவ்வு காய்ந்து ஒட்டி இறந்திருந்தால், கடைசி மூன்று நாட்களில் ஈரம் குறைந்ததோ மூடியை அடிக்கடி திறந்ததோ காரணமாகும்.

ஒவ்வொரு பொரிப்புக்குப் பின்னும் பொரிப்பானையும் நீர்த்தட்டையும் கழுவி, கிருமிநாசினி கொண்டு துடைத்து, வெயிலில் உலர்த்துங்கள். ஈரமும் சூடும் குஞ்சுக்கு மட்டுமல்ல, பூஞ்சைக்கும் உகந்தவை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே இதற்கும் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். அடை வைத்த தேதி, முட்டைகளின் எண்ணிக்கை, மூன்று முறை நிறுத்த எடை, வைத்த தட்டின் அளவு, பொரித்த குஞ்சுகள், உடைத்துப் பார்த்தபோது கண்டவை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக இரண்டு மூன்று பொரிப்புகளின் கணக்குக் கையில் சேர்ந்துவிட்டால், உங்கள் வீட்டுக்கும் உங்கள் ஊர்க் காற்றுக்கும் எவ்வளவு நீர் தேவை என்பதை வேறெவரும் உங்களுக்குச் சொல்லவேண்டியிராது. பரண்மேல் கிடக்கும் பொரிப்பானை இறக்கித் துடையுங்கள்; தராசையும் பென்சிலையும் அதன் அருகில் வையுங்கள். இம்முறை பத்து முட்டைகளோடு தொடங்கினால் போதும்.